கூரா, உருண்டையா

ரெலாவ். ஒன்பதாவது மாடி.
எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி
வெயில் எங்கள் பால்கனிக்கு வருவதற்குள்
நான் லென்ஸோடு நிற்பேன்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும்
சின்னக் கண்ணாடி. சொந்தக் காசில் வாங்கியது.
பாயான் லெப்பாஸில்
இருபத்திரண்டு வருஷம் குனிந்து பார்த்தேனே,
அந்த மைக்ரோஸ்கோப்பை
வீட்டுக்கா கொடுத்தனுப்புவார்கள்?

கீறல், தூசு, விரிசல்,
சில்லின் ஓரத்தில் ஒட்டிய மயிரிழை உலோகம்.
குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.
நல்லதை யாரும் பார்க்கச் சொன்னதில்லை,
அது பெல்ட்டில் தானாகப் போய்விடும்.

கம்பெனி தீவை விட்டுப் போன மாதம்,
கடைசி நைட் ஷிஃப்ட் முடிந்து,
நோர்ஹயாத்தி காருக்குள் துழாவி
ஈரத் துணியில் சுற்றிய குச்சி ஒன்றை எடுத்துத் தந்தாள்.
"போக்கோ தீன். வை, வரும்."
அத்தி. பென்சில் நீளம்.
இலை கிடையாது. நான்கு கணு.
எண்ணிவிட்டுத்தான் நன்றி சொன்னேன்.

மைலோ டின்னில் நட்டேன்.
பதினெட்டு நாள் ஒன்றுமில்லை.
"செத்த குச்சிக்கு எதுக்கு
இவ்வளவு அரிசி கழுவின தண்ணி?"
சிவநேசன் கேட்டதில் தப்பில்லை.
பத்தொன்பதாம் நாள்
மூன்றாவது கணுவில் ஊசிமுனைப் பச்சை.
அதற்கு எந்தப் படிவத்தில்,
எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று
ஒரு நிமிஷம் கை தேடியது.

இப்போது பெயின்ட் வாளியில் நிற்கிறது,
என் தோள் உயரத்துக்கு.

இலைக்காம்பின் இடுக்கில் மொட்டு வரும்.
கூராக இருந்தால் கிளை.
உருண்டையாக இருந்தால் காய்.
முதல் மூன்று நாள்
இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும்.

அக்டோபர் மழையில் இலைக்கடியில் துரு வந்தது.
மஞ்சள்தூள் சிந்தியது போல.
பதினொரு இலை கிள்ளி
சீனப் பேப்பரில் பொதிந்து முடிச்சுப் போட்டேன்.
மேலே பேனாவால் ரிஜெக்ட் என்று எழுதியதை
குப்பைக்குக் கொண்டு போன சிவநேசன்
லிஃப்டில் படித்துச் சிரித்தாராம்.

அதே வாரம் ஒரு நேர்முகத் தேர்வு.
என் மூத்தவன் வயசுப் பையன்:
"உங்கள் பலம் என்ன?"
"பார்ப்பேன்," என்றேன்.
இன்னும் ஏதாவது சொல்வேனென்று காத்திருந்தான்.
நானும் காத்திருந்தேன்.
கூப்பிடுகிறோம் என்றான்.

ஐந்தாவது கணு உருண்டை.

மிளகு, பிறகு பட்டாணி, பிறகு
ஒரு மாதம் வளர்ச்சியே இல்லாமல் பிடிவாதம்.
கொண்டைக்குருவி வந்து கம்பியில் உட்கார்ந்து
என்னைப் போலவே தலை சாய்த்துப் பார்த்தது.
கீழ்வீட்டு கூ அம்மாவின் மகள் கல்யாணத்தில்
மிட்டாய் போட்டுத் தந்த வலைப்பை இருந்தது.
காய்க்கு மாட்டிவிட்டேன், இளஞ்சிவப்பு,
தங்க எழுத்தில் மணமக்கள் பெயரோடு.

எண்பத்தாறாம் நாள் காம்பு தளர்ந்து
கழுத்து மடங்கியது.
தொட்டால் காதுமடல் போல இருந்தது.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால்
அத்தனையும் புழு என்பார்கள்.
என் வேலையில் இருந்தவள் யாராவது
சொல்லியிருப்பாள்.
இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவரிடம் நீட்டி
மறு பாதியில் லென்ஸை வைத்தேன்.

புழு இல்லை.
பூ. நூற்றுக்கணக்கில் பூ,
வெளியே வர நினைக்காத பூ,
தேன் நிறத் தண்டில் ஒவ்வொன்றும் தனியாக.
அத்தி பூப்பதே அபூர்வம் என்று ஊர் பேசும்போது
இது பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு
மூன்று மாதமாய்ப் பூத்திருக்கிறது.

வரிசை வரிசையாய்ப் பார்த்தேன்.
இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரிசை.
குறை எழுத ஒன்றும் கிடைக்கவில்லை,
அதற்காக நிறுத்தவும் தோன்றவில்லை.

"இனிப்பு கம்மிதான்," என்றார் சிவநேசன்,
விரலை நக்கிக்கொண்டு.
"உன் பாதியைச் சாப்பிடப் போறியா இல்லையா?"

இரு.
ஏழாவது கணுவில் ஏதோ தெரிகிறது.
கூரா, உருண்டையா,
வியாழக்கிழமை சொல்கிறேன்.