நின்று கொல்லும்

அட்டகாமாவில் உப்பேற்றும் லாரியை நிறுத்தி
ரொட்டியைப் பிய்த்தபடி நிக்கானோர் சொன்னான்:
இங்கே கற்கள் மேய்கின்றன,
வெயிலை.

கறுத்தவை முதலில் கொழுத்தன.
வெளுத்தவை பட்டினியில் பொடிந்தன.
பிறகு எந்த யுகத்திலோ ஒன்று
வடக்கே, சூரியன் பக்கம்,
அரை விரற்கடை சாயக் கற்றது.
அதன் குட்டிகளெல்லாம் பிறவிக் கூனல்.

குட்டியா? என்றேன்.
உறைபனி இரவில் பிளக்கும் சத்தம்
நீ கேட்டதில்லையா?

வேட்டையும் உண்டாம். பல்லில்லை, நகமில்லை.
நெட்டைக்கல் நகர்ந்து வந்து
குட்டைக்கும் வெயிலுக்கும் குறுக்கே நிற்கும்.
நாலாயிரம் வருஷம்
நின்றே கொல்லும்.

ரொட்டி தீர்ந்தது.
லாரியின் நிழலுக்குள் முழங்கால் உயரக் கல்லொன்று.
ஒன்றும் பேசாமல் ஏறி
வண்டியை நாலடி பின்னுக்கு எடுத்தான்.

அந்தக் கல் ஒருமுறை இமைப்பதற்குள்
நாங்கள் கிளம்பி
நூறு வருஷம் ஆகியிருக்கும்.