மூன்று சதவீத இடைவெளி

மாத வாடகை கட்டவில்லை என்று
பழைய மென்பொருள் கதவைச் சாத்திவிட்டது.
பத்து வருடம் அதற்குள் குடியிருந்தேன்.
காலி செய்யும்போது கையோடு வந்தது
ஒரே ஒரு கோப்பு:
இருநூற்றுப் பதினேழு தூரிகைகள்.
எல்லாம் கோஸ்மா செய்தவை.

கிடினியா துறைமுகத்தில் ஜனவரி.
மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பேருந்து
எங்கள் முனையில் திரும்பும்போது
ஒரு பொறி விழும்.
அந்த வெளிச்சத்தில்தான் மணி பார்க்கிறேன்.

புதிய மென்பொருள் இலவசம்.
கோப்பை இழுத்து உள்ளே போட்டேன்.
இருநூற்றுப் பதினேழும் வந்துவிட்டன என்றது.
பெயர்கள் மட்டும் வழியில் அடிபட்டிருந்தன.
எங்கள் எழுத்துகளின் வால்களும் குறுக்குக் கோடுகளும்
எல்லைச் சாவடியில் பறிபோய்விட்டன.
மூடுபனி என்ற சொல்லின் நடுவில்
ஒரு கேள்விக்குறி.

அதை எடுத்து ஒரு கோடு இழுத்தேன்.
பனி வரவில்லை.
பொத்தான்கள் வந்தன,
சாம்பல் நிறத்தில், வரிசையாக,
சட்டை இல்லாமல்.

அப்போதுதான் தெரிகிறது
தூரிகை என்று ஒன்றும் கிடையாது.
ஒரு சின்னப் படம், அவ்வளவுதான்.
நெருக்க நெருக்கக் குத்திக்கொண்டே போனால்
கண் அதைக் கோடு என்று நம்பிவிடுகிறது.
பத்து வருடமாக நான் வரைந்த கடல்
தபால் நிலைய வேலை.

மாற்றித் தரும் நிரல்கள் மூன்றை முயன்றேன்.
ஒன்று முத்திரையை மட்டும் கொண்டுவந்தது.
ஒன்று கறுப்பை வெள்ளையாகத் திருப்பிப் போட்டது,
பனி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.
மூன்றாவது நூற்று நாற்பதில் நின்றது,
ஏன் என்று சொல்லவில்லை.
சிதறல், சாய்வு, காகிதத்தின் சொரசொரப்பு
எதற்கும் அந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கவில்லை.

காலை எட்டுக்கு யோவித்தாவுக்கு
பதினான்காம் பக்கம் போக வேண்டும்.
மீட்புப் படகு பனிக்குள் நுழைந்து
திரும்பாமல் போகும் பக்கம்.
பொத்தான்களுக்குள் யாரும் தொலைய முடியாது.

பதினொன்றரைக்குக் கோஸ்மாவை அழைத்தேன்.
ராட்டர்டாமில், விளையாட்டு நிறுவனமொன்றில்
இப்போது மரங்களுக்கு இலை போடுகிறான்.
மூன்று வருடம் பேசாமலிருந்ததை
இப்படி முடித்தேன்:
"இடைவெளி எவ்வளவு வைத்திருந்தாய்?"
"எதுக்கும் எதுக்கும்?"
"மூடுபனிக்கு."
தட்டில் கரண்டி வைக்கும் சத்தம்.
"மூன்று சதவீதம். சுழற்சி தாறுமாறு.
முத்திரை என் கம்பளிச் சட்டையின் முழங்கை,
ஸ்கேனர் மேல் ஊன்றி எடுத்தது."
அந்தச் சட்டையைத் தெரியும்.
தெரியும் என்று சொல்லவில்லை.

எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
மூன்று. முந்நூற்றறுபது. பன்னிரண்டு.
பனி வந்தது, ஆனால்
கழுவின பால் பாத்திரத் தண்ணீர் மாதிரி.
"அழுத்து" என்றான்.
"அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்."
"நீயா? உன் பேனா முனை தேயவே தேயாது.
அந்த வளைகோடு என் கைக்கு வைத்தது."

வளைகோட்டின் நடுவைப் பிடித்து
மேலே தள்ளினேன்,
இன்னும் கொஞ்சம், இன்னும்,
கிட்டத்தட்டக் கூரை வரை.
பிறகு சும்மா தொட்டேன்.
படகின் மூக்கு மறைந்தது.

"வந்ததா?"
"வந்துவிட்டது."
"அப்போ இன்னும் இருநூற்றுப் பதினாறு."
சிரித்தானா தெரியவில்லை.
அங்கே ஒரு குழந்தை இருமியது.
வைத்துவிட்டான்.

ஏழரைக்குப் பக்கத்தை அனுப்பினேன்.
ஒன்பதுக்கு யோவித்தா எழுதினாள்:
பனி சரி.
ஓரத்தில் அந்த மிதவைகள் ரொம்பப் பிடித்திருக்கிறது,
யாருமில்லாத நீரில், வரிசையாக.

அழிக்க மறந்த முதல் கோடு.

அந்த உடைந்த தூரிகையைத் தனியாகச் சேமித்தேன்.
மிதவை என்று பெயர் வைத்தேன்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
வாலும் இல்லை, குறுக்குக் கோடும் இல்லை.