வினைமுற்று

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஈரல் நாள்.
ஆறு மணிக்கெல்லாம் பழையபேட்டை ஆட்டுத்தொட்டியில்
அக்தர் பாய் எடுத்து வைத்திருப்பார்,
கெட்டதாகப் பார்த்து.
"நல்லதுக்கு ஊரே நிக்குது டாக்டரம்மா,
இதுக்கு நீங்க ஒருத்தர்தான்."

ஐஸ் பெட்டி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில்.
அணைக்குக் கீழே வாய்க்காலோரம் மேய்ந்த ஆடுகள்.
பித்தக்குழாயை நீளவாக்கில் கத்தரித்தால்
நனைந்த இலை மடிந்தாற்போல் கிடக்கும் தட்டைப்புழு.
எலும்பில்லை, ரத்தமில்லை.
தின்ற வாயாலேயே துப்பியாக வேண்டும்.
ஆணும் பெண்ணும் ஓர் உடம்புக்குள்.
உப்புநீரில் கழுவி எண்ணிப்
பதிவேட்டில் எழுதுகிறேன்: முப்பத்தேழு.

பதிவேட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டு.

படிக்கிற காலத்தில் விடுமுறைதோறும்
பர்கூர் ரோடு கிரானைட் கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்தேன்.
இத்தாலியிலிருந்து வந்த கல்லறுக்கும் பிளேடைச்
சுற்றியிருந்த தாளில் ஒரு கவிதை.
அரைக் கவிதை. மீதி வேறு பிளேடோடு
வேறு ஊருக்குப் போயிருக்கும்.
ஏழு வரி, வரிக்கு இரண்டு சொல், சுற்றிலும் வெள்ளை.
"இவ்வளவு தாளை வீணாக்கி இருக்கானுங்க" என்றார் மேனேஜர்.

அகராதி வாங்கினேன். பதினாலு வருஷம்.
அந்த நாட்டுப் புதுக்கவிஞர்கள் பதினோரு பேரைப்
பென்சிலோடு படித்தாயிற்று.
போர் முடிந்து எழுத வந்தவர்கள்,
சொல்லை ரேஷனில் வாங்கியதுபோல் எழுதுகிறார்கள்.
அந்த அரைக் கவிதை மட்டும்
இன்னும் தமிழுக்கு வர மறுக்கிறது.

சமையலறை. ஆணியில் நனைந்த கோட்டு.
கீழே தரை, சொட்டுச் சொட்டாக.
பிறகு ஒரே வினைச்சொல்: தொர்னோ.
திரும்பி வந்தான்.
இல்லை, வந்தாள்.
இல்லை, வந்தது.
அவர்கள் வினை யாரென்று சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது.
நம்முடையது வாசலில் நிறுத்தி
ஆணா பெண்ணா கேட்கிறது.
வந்தார் என்று போட்டுப் பார்த்தேன்.
கலெக்டர் வந்ததுபோல் ஆகிவிட்டது.

மதியம், காவேரிப்பட்டினத்திலிருந்து மாதையன்.
நாலு ஆடு தாடை வீங்கிச் செத்துவிட்டன.
ஐந்தாவது தோளில்.
"ஈரக்குலையே ஆடிப்போச்சும்மா."
எடை பார்த்து மருந்து அளந்து கொடுத்தேன்.
வாய்க்காலோரம் விடாதீங்க, நத்தை இருக்கு, என்றேன்.
"வேற எங்கம்மா பச்சை இருக்கு?"
அதற்குப் பதில் என் ஆய்வுத் திட்டத்தில் இல்லை.

இத்தாலியில் ஒருவனுக்கு ஈரல் இருக்கிறது என்றால்
துணிந்தவன் என்று பொருள்.
நமக்கு நடுங்குவதே ஈரக்குலைதான்.
இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இடத்தில்
கை வைத்திருக்கிறார்கள்.
புழுவும்.

சாயங்காலம் கண்ணாடிக் கிண்ணத்தில் நத்தையை விட்டு
மேலே விளக்கைப் போடுகிறேன்.
உள்ளே வாரக்கணக்காகப் பெருகிக்கொண்டிருந்த ரீடியாக்கள்
(அந்தப் பெயரும் இத்தாலிச் சரக்குதான்)
பெற்றுப்போட்டவை வெளியே வருகின்றன,
வாலோடு, தூசியைவிடச் சிறிதாக,
ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு.
மிதக்கவிட்ட பாலித்தீன் துண்டைத் தொட்டதும்
வாலை உதறிவிட்டு உருண்டையாகி ஒட்டிக்கொள்கின்றன.
அவ்வளவுதான். இனி ஏதாவது ஒரு வாய் வரவேண்டும்.

உதறிய வால் கொஞ்ச நேரம்
தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது.
விகுதி, என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது:
வெளியே ஒருவருக்கு நாலு ஆடு போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, கையில் உறையோடு இருக்கும்போது
போன். ஸ்பீக்கரில் போட்டேன்.
"மேயப் போயி, திரும்பி வந்தாச்சும்மா."
ஆடா, அவரா,
எந்தப் பக்கம் போய், கேட்கவில்லை.
உறையைக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்தேன்.

சமையலறை. ஆணியில் நனைந்த கோட்டு.
கீழே தரை, சொட்டுச் சொட்டாக.
திரும்பி வந்தாச்சு.

இன்னும் நாலு வரி இருக்கிறது.
தட்டில் இன்றைய ஈரல் இன்னும் அறுக்கவில்லை.