மீன் மூலம்

மூன்றாவது முறையும் அதே விடை.
மெரெயானா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.
குழாய் எண் பதினேழு.
கெர்ரன் ஓடை, மேல் கிளை.
நகக்கண் அளவு கத்தரித்த வால்துடுப்பு.
அது, அருவிக்குக் கீழே அதே ஓடையில் நீந்தும்
சொந்தங்களை விட்டுவிட்டு
மலைக்கு அந்தப்புறத்து ஆற்று மீன்களோடு
ஒரே கணுவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் தன்னைச் சந்தேகித்தாள்:
எத்தனால் பட்டுப் பேனா மை கரைந்து
ஒன்று ஏழாகியிருக்கலாம்.
பிறகு ஃப்ரீசரை.
பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு,
போன கோடையில் உதவிக்கு வந்த
டேனிஷ் மாணவனை.

டனீடினில் ஜன்னலெல்லாம் மழை.
திரையில் நான்கே எழுத்துகள்
ஆயிரத்து நூற்று நாற்பது இடங்களில்
மாறிமாறி நின்றன.
கீழோடை மீனோடு ஒப்பிட்டால்
முப்பத்தோரு இடத்தில் பிசகு.
மலைக்கப்பால் மீனோடு, நான்கு.

நதிமூலம் பார்க்காதே என்று
நம்மிடம் ஒரு பேச்சு உண்டு.
அவளுக்கு அது தெரியாது.
சம்பளமே அதற்குத்தான்.

ஏப்ரலில் திரும்பப் போனாள்.
ஐல்சா ஸ்ட்ராக்கனின் பண்ணைக்குள்தான் பாதை.
ஆட்டின் வாயில் மருந்து ஊற்றிக்கொண்டே
ஐல்சா சொன்னாள்:
"அந்த ஓடை தெற்கே ஓடுது.
நான் பிறந்தப்பவும் தெற்கேதான்.
கேட்டைச் சாத்திட்டுப் போ."

முதுகில் மின்பெட்டி, இடுப்புவரை ரப்பர்.
அருவிக்கு மேலே, ட்ரௌட் ஏற முடியாத குளிரில்,
கல்லுக்கடியிலிருந்து நழுவி வந்தது கலாக்ஸியாஸ்:
விரல் நீளம், செதில் கிடையாது,
மேலே இருப்பது தங்கத்தூளா சேற்றுப்புள்ளியா
என்று வெயிலுக்கு வெயில் பேச்சு மாற்றும் உடம்பு.
தொடுமுன் கையை நீரில் நனைத்துக்கொண்டாள்;
நம் உள்ளங்கை அதற்கு அடுப்பு.
இருபத்திரண்டு மீன். இருபத்திரண்டு துணுக்கு.
இந்த முறை பென்சிலால் எழுதினாள்.

பிறகு, யாரும் சொல்லாமலே, கணவாய்வரை ஏறினாள்.
ஆறே இல்லாத அந்த மேட்டில்
புல்லுக்கடியில் கூழாங்கற்கள்,
ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று,
எல்லாமே வடக்கே சாய்ந்து.

நீர் இழுக்காமல் கல் உருண்டையாகாது.

எப்போதோ நிலம் ஒரு தோளைத் தூக்கியிருக்கிறது.
ஆறு புரண்டு படுத்திருக்கிறது.
மீனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
எத்தனை வருடம் முன்பு?
எழுத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கிறது;
அதில் சில லட்சம் முன்னே பின்னே ஆகும்.

இறங்கும்போது ஐல்சாவிடம் சொன்னாள்.
ஐல்சா மலையைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள்.
"வடக்கேயா" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மேல போடறதா இருந்த பைப்பு...
பார்ப்போம்" என்றாள்.

இரவு, ஈரச் சாக்ஸை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
மெரெயானா அந்த மாணவனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள்,
காரணம் ஒன்றும் சொல்லாமல்,
நலமா என்று மட்டும்.