வலித்தல்

வலது காலுக்கு சாக்ஸ் மாட்ட ஒரு முறை வைத்திருக்கிறேன்:
கட்டிலில் மல்லாந்து, குதிகாலைச் சுவரில் ஏற்றி,
விரல்கள் தாமாகத் துணிக்குள் நுழையும்வரை
தூண்டில் போட்டவள் மாதிரிக் காத்திருப்பது.
இடது காலுக்கு இதெல்லாம் வேண்டாம்.
அதற்கு இன்னும் பதினாறு வயதுதான்.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
ஆறு பெண்கள் படகில் மூன்றாம் இருக்கை என்னுடையது.
மார்ச் வரை நான் துடுப்பு வலித்தேன்.
ஏப்ரலிலிருந்து எனக்கு வலிக்கிறது.
வினைச்சொல் அதேதான் பாருங்கள்,
வேற்றுமை உருபு மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

வளர்கிற வயது என்றார் பள்ளி நர்ஸ்.
தசைப்பிடிப்பு என்றார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, டாக்டர்.
பிசியோ மஞ்சள் ரப்பர் பட்டை தந்தாள்,
மூன்று வாரம் கழித்துப் பச்சை.
முன்னேறியது நிறம் மட்டும்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
ஐந்து என்றால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.
எட்டு என்றால் புருவம் ஏறுகிறது,
எட்டில் இருப்பவள் நகத்துக்குச் சாயம் பூசியிருக்க மாட்டாளாம்.
ஆறரை என்று சொல்லப் பழகினேன்.
அந்த அரைக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

சில நாள் விடிந்தால் வலியே இருக்காது.
அந்த நாள்களுக்குத்தான் பயப்படுகிறேன்.
படிக்கட்டில் இறங்கிக்கொண்டே யோசிப்பேன்:
இத்தனை நாளும் நானே இட்டுக்கட்டினேனோ.
மதியக் கணக்கு வகுப்புக்குள் வந்துவிடும்.
வந்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
கொஞ்சம் ஆறுதல்.

தோர்ஷவ்னில் ஸ்கேன்.
மீன் ஆலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அம்மா ஓட்டி வந்தாள்.
திரையில் என் இடுப்புக் குழி
யாரோ கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போலச் சுத்தமாக.
"நல்ல செய்தி. ஒன்றுமில்லை."
அழுதேன்.
நிம்மதி என்று நினைத்து டிஷ்யூ நீட்டினார்கள்.
ஒரு கீறலாவது இருந்திருக்கலாம்,
மயிரிழையளவு,
சுன்வோரிடம் காட்ட.

திரும்பும் வழி கடலுக்கடியில்.
சுரங்கத்தின் நடுவே ஒரு ரவுண்டானா, நீல விளக்குகள்.
அம்மா எங்கள் திருப்பத்தைத் தவறவிட்டு
இரண்டாம் சுற்று வந்தாள். மூன்றாவதும்.
தவறவிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.
சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"ரான்வா, நிஜமாகவே வலிக்கிறதா?"
தலைக்கு மேல் அத்தனை தண்ணீர்.
"ஆமாம்."
நான்காம் சுற்றில் வெளியேறினோம்.
நம்பினாளா என்று நான் கேட்கவில்லை.
அந்த வாரம் முழங்கால்களுக்கு நடுவே வைக்க
நீளத் தலையணை ஒன்று
விலைச்சீட்டு கிழிக்காமல் என் கட்டிலில் கிடந்தது.

ஜூலைப் பந்தயத்துக்கு மூன்றாம் இருக்கையில் சுன்வோர்.
படகுக் கொட்டகையில், முகத்தைப் பார்க்காமல்,
"கால்பலகையை எந்தத் துளையில் மாட்டுவாய்?" என்றாள்.
பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது.
"நான்காவது. உனக்குக் கால் நீளம், ஐந்தில் போட்டுப் பார்."
அவள் குனிந்து ஆணியைத் திருகினாள்.
சுலபமாகக் குனிந்தாள்.

கரையில் நின்றேன்.
நிற்க முடியாதபோது கப்பல் கட்டும் இரும்புக் குற்றியில்
ஒரு பக்கமாக உட்கார்ந்தேன்.
மூடுபனிக்குள்ளிருந்து ஆறு துடுப்புகள்
ஒரே நேரம் தண்ணீரைத் தொட்டன,
இழுத்தன, எழுந்தன.
யாரும் சொல்லாமல் முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து
என் உடம்பும் கூடவே
வலித்தது.