நாற்பத்தொன்றாம் வரிசை

ஒத்தக்கடைப் பண்ணையில்
அறுபத்து நான்கு வரிசைத் தட்டைப்பயறு.
வரிசைக்கு ஐந்து செடி தேர்ந்து கழுத்தில் சீட்டுக் கட்டினேன்,
முதல் நாள் பள்ளிக்கு அனுப்புவதுபோல.
பூத்த நாள், கிளை, காய், காயின் நீளம்,
காய்க்குள் மணி, நூறு மணியின் எடை
எல்லாம் அவை எனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று பால்வெள்ளை, கண் மட்டும் கறுப்பு.
ஒன்று செங்கல் பொடி நிறம்.
நைஜீரியாவிலிருந்து உறையில் வந்த ஒன்று
முளைத்த மூன்றாம் நாளே
மேலூர் பஸ்ஸில் இடம் பிடித்தவனைப்போல் நிமிர்ந்துகொண்டது.
நாற்பத்தொன்று எழுமலைச் சந்தையில் படியளந்து வாங்கியது.
பதிவேட்டில் 'வட்டாரப் பெயர்' என்ற கட்டத்தில்
ஒரு கோடுதான்.

மாசிக் கடைசி.
மெஸ் பாக்கிக்காக என் பெயரைப் பலகையில் எழுதிப்போட்டு
ஆறு நாள் ஆகியிருந்தது.
உதவித்தொகைக் கோப்பு கோயம்புத்தூரில்
யாருடைய மேசையிலோ படுத்திருந்தது.
காலை பத்தரைக்கே யானைமலை
அடுப்பில் கிடந்த கல்லாய்க் கனன்றது.
குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன்:
நாற்பத்தொன்று, மூன்றாம் செடி, இருபத்து மூன்று காய்.
கடைசிக் காய் பிஞ்சு,
உள்ளே இன்னும் மணி பிடிக்கவில்லை.

ஒடித்தேன். தின்றேன்.

முதலில் புல் வாசம். அப்புறம் இனிப்பு.
அதற்கும் அப்புறம், விழுங்கிய பிறகு,
நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு வந்து நின்றது.
இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

களை எடுத்துக்கொண்டிருந்த இருளாயி
நிமிராமலே கேட்டாள்:
"எண்ணுன காயா, எண்ணாத காயா?"

மறுநாள் பன்னிரண்டாம் வரிசையில் ஒன்று கடித்தேன். நார்.
ஐம்பதில் ஒன்று. பச்சைத் தண்ணீர்.
திரும்பவும் நாற்பத்தொன்றுக்கே வந்தேன்.
ஒன்பது காலை.
சீட்டுக் கட்டிய செடி, கட்டாத செடி என்று
பசி பார்க்கவில்லை.

மயில் கொத்தினால் குறிப்பில் 'மயில்' என்று எழுதுவேன்.
புழு துளைத்தால் 'புழு'.
என்னை எழுதவில்லை.

அறுவடை முடிந்தது.
கணினி வரிசைப்படுத்தியது.
செடிக்கு எத்தனை காய் என்பதில்
நூற்றுக்கு எண்பது மரபு, மிச்சம் சூழல் என்றது.
அதிகக் காய், அதிக விளைச்சல்:
நானே அடிக்கோடிட்ட வாக்கியம்.
நாற்பத்தொன்று அறுபத்து மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது.
அதற்கும் கீழே ஒன்றுதான்,
தேமல் விழுந்து மஞ்சளாய் நின்ற அந்த ராஜஸ்தான் வரிசை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்
அட்டவணையில் பேனாவை வைத்தார்.
"பூ இவ்வளவு. காய் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?"

"சூழல் சார்."

தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.
நான் பொய் சொல்லவில்லை.
மழை, மண், வெயில், மயில்;
அந்த ஒன்பது நாள்
அந்த வயலின் சூழலில் நானும் இருந்தேன்.

பங்குனியில் பணம் வந்தது.
மெஸ் பாக்கியைக் கட்டினேன். ரசீது இருக்கிறது.

நாற்பத்தொன்று குளிரறையில் இருக்கிறது,
நான்கு டிகிரியில், பழுப்பு உறையில்.
மேலே 'குறை விளைச்சல், தேர்வுக்கு உகந்ததல்ல' என்று
என் கையெழுத்து.