ஏழு தகடு

டட்சனுக்கு வயது ஐம்பத்திரண்டு.
எனக்கு முன் மண் ஏற்றியவர்கள் மூன்று பேர்,
செங்கல் ஏற்றியவர் ஒருவர்.
புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் அவ்வளவுதான்.

நான் ஏற்றுவது கண்ணாடி.
நாலு மில்லி, ஐந்து மில்லி,
மரச்சட்டத்தில் நிமிர்த்தி, இடையில் பழஞ்சாரன் செருகி,
கல்முனையிலிருந்து தெற்கே
எங்கே புதுச் சுவரில் ஜன்னல் ஓட்டை இருக்கிறதோ
அங்கே வரை.

காரைதீவுச் சந்தி தாண்டி ஒரு கராஜ்.
புவிராஜா வண்டிக்குக் கீழே போனவர்
வெகுநேரம் வெளியே வரவில்லை.
டோர்ச் வெளிச்சம் மட்டும்
பின் அச்சைச் சுற்றிச் சுற்றி வந்தது.
பிறகு, வெளியே நீட்டியிருந்த கால்கள் பேசின:

"கம்பனிக்காரன் போட்டது நாலு தகடு.
இதில ஏழு கிடக்கு.
லொறித் தகடு மூண்டை வெட்டிச் செருகியிருக்கான்
மண் ஏத்தின ஆரோ.
உங்கட சாமான் எத்தின கிலோ?"

நிறுத்துப் பார்த்ததில்லை.
சதுர அடியில்தான் எனக்குக் கணக்கு.

"அப்ப இது வில்லில்ல, தண்டவாளம்.
சில்லு குழியில விழுந்தா
குழி நேரே போய்க் கண்ணாடிக்குள்ளதான் ஏறும்."

யு-போல்ட்டுகள் கறளில் ஒன்றாகிப் போயிருந்தன.
இரவு முழுக்க டீசலில் ஊறியும் அசையவில்லை.
கடைசியில் கிரைண்டர்,
பொறி, அவர் சாரனில் இரண்டு ஓட்டை.
நடு போல்ட் கழன்றதும்
ஏழு தகடும் ஒன்றையொன்று விட்டு விலகிய சத்தம்
பக்கத்துத் தேநீர்க் கடைக்கும் கேட்டது.
மூன்றைச் சுவரில் சாய்த்தார்.
நாலைத் தேய்த்துக் கிறீஸ் பூசினார்.
றபர் புஷ் புதுசு.
முன்பக்க முறுக்குக் கம்பியை
ஸ்பனரால் ஒரு பல் மட்டும் இளக்கினார்.

சொக் இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை.
வாலை ஒரு தரம் அமுக்கிக் காட்டினார்;
எட்டுத் தரம் எழும்பி எழும்பித் தாழ்ந்தது வண்டி.
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"துள்ளுறது தகட்டுட வேலை.
நிப்பாட்டுறது சொக்குட வேலை.
ரெண்டையும் ஒண்டு செய்ய ஒண்ணா."

வெள்ளிக்கிழமை சொக் வந்தது. பூட்டினார்.
மறுகா அமுக்கினார்.
இறங்கியது. ஏறியது. நின்றது.

முதல் ஓட்டம் திருக்கோவில் சலூனுக்கு,
ஐந்தடிக்கு மூன்றடி முகக்கண்ணாடி.
இதே சலூனுக்குப் போன இரண்டு
வழியிலேயே சில்லாகிப் போனவை.
அக்கரைப்பற்று தாண்டியதும்
பின்னால் ஒட்டி வந்த மோட்டார்சைக்கிள் பொடியன்
முந்தவே இல்லை.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
ஒரு கையால் ஹான்டில்,
மறுகையால் மீசை நீவிக்கொண்டு
என் சரக்கில் தன்னையே பார்த்தபடி
தம்பிலுவில் வரை வந்தான்.
குழிகள் இருந்தன. முகம் நடுங்கவில்லை.

அப்போதுதான் அஸ்மீர் ஞாபகம்.
ஒன்பது மாதம் இதை ஓட்டினான்.
உடைந்தது பதினொன்று.
பதினொன்றையும் அவன் சம்பளத்தில் வெட்டினேன்.
"மெல்லத்தான் வந்த நான், காக்கா" என்றான் ஒவ்வொரு தரமும்.
கொப்பியில் ஒவ்வொரு தரமும் எழுதினேன்:
கவனக்குறைவு.

திரும்பும்போது வண்டி வெறுமை.
இரும்புக்காரனுக்குக் கொடுங்கள் என்று
புவிராஜா ஏற்றிவிட்ட மூன்று தகடும்
பின்னால் கிடந்து குழிக்குக் குழி கத்தின.
நிந்தவூரில் கடற்கரைப் பக்கம் கிறுகினேன்.

சத்தம் கேட்டு அஸ்மீர் வெளியே வந்தான்,
கையில் பிள்ளையின் பால் போத்தல்.
"உடைஞ்சிட்டா?"
இல்லை என்றேன். வால்கதவைத் திறந்தேன்.

தகடுகளைப் பார்த்தான்.
போத்தலை மதில்மேல் வைத்தான்.
உள்ளங்கையால் வண்டியின் வாலை ஒரு தரம் அமுக்கினான்.
இறங்கியது. ஏறியது. நின்றது.
வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான், என்னை அல்ல.

"எவ்வளவு முடிஞ்ச?" என்றான் பிறகு.

நான் சொன்னது
சொக்கின் விலையை அல்ல.
கொப்பியில் இருந்த கூட்டுத்தொகையை.